ஆபத்து இன்னும் முடியவில்லை, ஓவர்

துறைமுகத்தில் அவரைத் தண்ணிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டு அவரிடமிருந்து ஓரடி தள்ளி நின்றுகொள்வதுண்டு. அந்தத் தண்ணியை அவர் ஆயுளில் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. அவர் தொட்டதெல்லாம் குழாய்த் தண்ணீர். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய் ஏற்றுகிற படகு அவருடையது. படகின் பெயர் ‘வந்துட்டேன்’. கப்பல்காரர்கள் வயர்லெஸ்ஸில் “தண்ணி எங்கப்பா?” என்று கத்தும்போதெல்லாம் அவர் சொல்லும் பதில் அதுதான், பெரும்பாலும் கரையில் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே சொல்வார். படகு வாங்கிய புதிதில், என்ன பெயர் வைக்கலாம் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவரைப் பார்த்து அவர் மனைவி, “தினம் நூறு தடவை சொல்ற பொய்யையே வைங்க, மறக்காது” என்றாள். வைத்துவிட்டார்.

வயர்லெஸ்ஸில் அப்போது யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஆபத்துக்கென்றே ஒதுக்கிவைத்த சேனல் பதினாறில் இரண்டு கப்பல் சமையல்காரர்கள் மாமியார் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் மேலிடத்து மனிதர் ஒருவரின் உல்லாசப் படகு உள்ளே வர அனுமதி கேட்டுக் கேட்டுப் பார்த்து, மாமியார் கதை முடிகிற வரைக்கும் வெளியே காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் கதை முழுவதையும் கேட்டார் என்றும், முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னார்கள். எப்படியோ, அடுத்த மழைக்காலத்துக்குள் ‘கடல்வழிக் குரல் ஒழுங்கு இயக்ககம்’ பிறந்துவிட்டது.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். வயர்லெஸ்ஸில் பேசுவதற்கு விதி வேண்டியதுதான். யாரைக் கூப்பிடுகிறாய் என்று முதலில் சொல்லு, நீ யார் என்று சொல்லு, விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லு, பதில் வேண்டுமென்றால் ‘ஓவர்’, பேச்சு முடிந்ததென்றால் ‘அவுட்’. ஒருவன் ஆபத்தில் இருக்கும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். ஆனால் தபால் கார்டுக்கு யாரும் நாலு மாடிக் கட்டடம் கட்டித் தர மாட்டார்கள். அதனால் விதிகளைப் பெரிதாக்க வேண்டியிருந்தது.

இயக்குநருக்கு அருமையான குரல். ‘உட்காருங்கள்’ என்று அவர் சொன்னால் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருக்கலாம் போலிருக்கும். படகுக்காரர்கள் எல்லோருக்கும் கட்டாயப் பயிற்சி என்று ஆணை வந்தது. நாலாவது மாடியில் ஒரு நீளமான அறை. அலைச் சத்தம் பாடத்தைக் கெடுக்கிறது என்று ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். மேசைமேல் ஒரு மைக் இருந்தது. அது எதோடும் இணைக்கப்படவில்லை. தண்ணிக்காரரும், படகில் எஞ்சின் பார்க்கும் அவருடைய மனைவியின் தம்பியும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“நான் கடல்ல போனதே இல்ல” என்று தொடங்கினார் இயக்குநர். “அதுதான் என் பலம். கடல்ல போனவங்களுக்குக் கடல்மேல ஒரு பாரபட்சம் வந்துடுது. நான் ரெண்டு பக்கமும் பார்க்கிறவன். ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. படகு மூழ்கறது விபத்து. அது யாருக்கு வேணும்னாலும் நடக்கும். ஆனா மூழ்கும்போது தப்பாப் பேசறது விபத்து இல்ல. அது வளர்ப்பு.”

முன் பெஞ்ச் கைதட்டியது.

“அடுத்தது, ஆபத்து வந்தா உலகம் பூரா ‘மேடே, மேடே’ன்னு கத்தறாங்க. கத்தட்டும், அவங்க பாஷையில அது என்னவோ. நம்ம காதுல எப்படி விழுது? யாரைப் பார்த்து ‘டே’? கட்டுப்பாட்டு அறையில நான் உக்காந்திருப்பேன். என்னைவிடப் பெரியவங்ககூட உக்காந்திருப்பாங்க. சாகப்போற நேரத்துல மரியாதையையும் சேர்த்துச் சாகடிக்கலாமா?”

ஆகவே இந்தத் துறைமுகத்தில் ‘மேடே’ கிடையாது, ‘பேரிடர்’ என்று மூன்று முறை சொல்ல வேண்டும் என்று தீர்மானமாயிற்று. வல்லின றகரம் போட்டு உச்சரித்தால் அழைப்பு செல்லாது. வயர்லெஸ்ஸில் பேச்சு வழக்கு கூடாது, எழுதுகிற தமிழில்தான் பேச வேண்டும். பெரிய கப்பல் பேசும்போது சிறிய படகு குறுக்கிடக் கூடாது. குறுக்கிட நேர்ந்தால், குறுக்கிட்டதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டுக் குறுக்கிட வேண்டும்.

கப்பல் பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்வதற்கு ஒரு குழு போட்டிருந்தார்கள். அ என்றால் அம்மா, ஆ என்றால் ஆடு, க என்றால் கடல் என்று குழு வேகமாகத்தான் போனது. ங-வுக்கு வந்ததும் நின்றுவிட்டது. ங-வில் தொடங்குகிற, கப்பல்காரன் நாக்கில் புழங்குகிற ஒரு சொல்லையும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கும்வரை, பெயரில் அந்த எழுத்து உள்ள கப்பல்கள் துறைமுகத்துக்குள் வர வேண்டாம் என்று சுற்றறிக்கை போய்விட்டது. பாவம், ‘செங்கதிர்’ என்று ஒரு சரக்குக் கப்பல், அலைதடுப்புச் சுவருக்கு வெளியே அப்படி நின்றதுதான். அதன் மாலுமிகளுக்குத் தாடி வளர்ந்தது. தண்ணிக்காரருக்கு மட்டும் அதனால் வேலை கூடியது. அடிக்கடி வெளிக்கடல் வரை தண்ணீர் கொண்டுபோக வேண்டியிருந்தது.

பயிற்சி முடிவில் தேர்வு. தண்ணிக்காரர் மைக்கைப் பிடித்து, “கட்டுப்பாட்டு அறை, கட்டுப்பாட்டு அறை, கட்டுப்பாட்டு அறை, இங்கே வந்துட்டேன்...” என்று ஆரம்பித்தார்.

“நிறுத்துங்க” என்றார் இயக்குநர். “என்னது அது?”

“படகு பேருங்க.”

“கொச்சையா இருக்கே. ‘வந்துவிட்டேன்’. எங்க, சொல்லுங்க.”

“பலகையில ‘வந்துட்டேன்’னுதாங்க எழுதியிருக்கு.”

“பலகையில என்ன வேணும்னாலும் இருக்கட்டும். அலைவரிசையில அது ‘வந்துவிட்டேன்’தான். நான் பதிவுலயும் மாத்திடறேன்.”

வீட்டில் மனைவிதான் அவருக்குப் பாடம் கேட்டாள். கப்பல்காரர்களின் துணிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் லாண்டரி ஒன்றை அவள் நடத்திவந்தாள். சலவைப் பெட்டியைச் சட்டைமேல் ஓட்டிக்கொண்டே, “ம், மறுபடி சொல்லுங்க” என்பாள். அவருக்கு வாய் பழகிவிட்டது. “வீட்டுக்காரி, வீட்டுக்காரி, வீட்டுக்காரி, இங்கே உன் புருஷன், பசிக்கிறது, ஓவர்” என்று அடுப்படி வாசலில் நின்று சொன்னார் ஒருநாள்.

“எல்லாமே ஓவராத்தான் போயிட்டிருக்கு” என்றாள் அவள். “போய் உக்காருங்க. அவுட்.”

மூன்றாவது முறையில் தேறினார். சான்றிதழைப் படகின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஒட்டியதும் முன்பக்கம் பாதி தெரியாமல் போனது.

அதனால்தானோ என்னவோ, ‘செங்கதி’ருக்குத் தண்ணீர் கொண்டுபோன ஒரு மத்தியானம், பாதி மூழ்கிய நிலையில் மிதந்து வந்த மரத்துண்டை அவர் பார்க்கவில்லை. படகு ஒரு குலுக்குக் குலுங்கியது. எஞ்சின் அறையிலிருந்து மைத்துனனின் குரல் வந்தது.

“அத்தான், கால் நனையுது!”

“டேங்க் கசியுதாடா?”

“இல்ல அத்தான், உப்புக் கரிக்குது!”

தண்ணிக்காரர் மைக்கைப் பாய்ந்து எடுத்தார். படித்தது எல்லாம் ஒரு நொடியில் பறந்துவிட்டது.

“தங்கச்சி! படகுல ஓட்டை! தண்ணி ஏறுது!”

கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் பார்க்கும் பெண்ணின் குரல் வந்தது. “தண்ணீர்ப் படகில் தண்ணீர் ஏறுவது வழக்கமான பணி. அழைப்பவர் தம்மை முறைப்படி அறிமுகப்படுத்திக்கொள்ளவும். ஓவர்.” பிறகு அதே குரல் கிசுகிசுப்பாக, “அண்ணே, ஐயா பின்னாடியே நிக்கிறாரு. முறைப்படி சொல்லிடுங்க, சீக்கிரம்” என்றது.

கணுக்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, சலவைப் பெட்டியோடு மனைவி எதிரில் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஒப்பித்தார். “பேரிடர், பேரிடர், பேரிடர். கட்டுப்பாட்டு அறை, கட்டுப்பாட்டு அறை, கட்டுப்பாட்டு அறை. இங்கே வந்துவிட்டேன், வந்துவிட்டேன், வந்துவிட்டேன். ஓவர்.”

இப்போது அந்த அருமையான குரலே வந்தது. “வந்துவிட்டீர்களா, மகிழ்ச்சி. வந்துவிட்டபின் எதற்குப் பேரிடர்? ஓவர்.”

“ஐயா, அது படகு பேருங்க! நீங்க வச்ச பேருங்க!”

“உணர்ச்சிவசப்பட வேண்டாம். இருக்குமிடம், இடரின் தன்மை, படகிலுள்ளோர் தொகை ஆகியவற்றை அதே வரிசையில் கூறவும். ஓவர்.”

“சுவருக்கு வெளியே, விளக்குக் கூண்டுக்குக் கிழக்கே. மூழ்குகிறோம். ரெண்டு பேர். இரண்டு பேர்! ஓவர்!”

“மூழ்குகிறீர்களா, மூழ்கிக்கொண்டிருக்கிறீர்களா, மூழ்கவிருக்கிறீர்களா? காலத்தைத் தெளிவுபடுத்தவும். ஓவர்.”

அப்போது இடையில் ஒரு கரகரத்த குரல் புகுந்தது. இழுவைப் படகுக்காரரின் குரல். “தண்ணிக்காரரே, பயப்படாதீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன், இதோ...”

“குறுக்கிடாதீர்கள்!” என்றார் இயக்குநர். “அனைத்துக் கப்பல்களுக்கும் படகுகளுக்கும்: இந்தக் கணம் முதல் பேரிடர் அமைதி அமலுக்கு வருகிறது. ஆபத்திலுள்ள படகும் கட்டுப்பாட்டு அறையும் தவிர வேறு எவரும் எந்த அலைவரிசையிலும் ஒரு சொல்லும் பேசக் கூடாது. உதவி செய்ய விரும்புவோர் அமைதி முடிந்தபின் முறைப்படி தெரிவிக்கலாம்.”

கடல் முழுவதும் கப்சிப் என்று ஆனது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. தண்ணிக்காரருக்கு அதுவரை இருந்த பதற்றம் போய், ஒரு பயம் வந்தது. இனி தப்பாக எதுவும் பேசவில்லை. எல்லாம் சரியாகச் சொல்லியாயிற்று. சரியாகச் சொல்லிக்கொண்டே போய்ச் சேரப்போகிறோம். வீட்டுக்காரியிடம் தகவல் சொல்கிறவன் ‘நல்ல உச்சரிப்போடு போனார்’ என்று சொல்வான். அவள் அவனைத் துடைப்பத்தால் அடிப்பாள். மைத்துனன் மேலே ஏறி வந்து சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தான்.

“மூழ்கிக்கொண்டிருக்கிறோம்” என்றார் தண்ணிக்காரர். “ஓவர்.”

“நிகழ்காலம். நன்று. உங்கள் உச்சரிப்பில் முன்னேற்றம் தெரிகிறது. காத்திருக்கவும். ஓவர்.”

அதுதான் அந்த வயர்லெஸ் செட் கடைசியாகச் சொன்னது. அடுத்த அலை அதை மூடிவிட்டது. இழுவைப் படகுக்காரர் வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டு, சட்டை வீசுகிற ஆளைக் கண்ணால் பார்த்து நேராக வந்து, இரண்டு பேரையும் கையைப் பிடித்துத் தூக்கித் தன் படகில் போட்டார். ‘வந்துட்டேன்’ மூக்கைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே போயிற்று.

சொட்டச் சொட்ட நனைந்த இருவரும் இழுவைப் படகுக்காரரும் கட்டுப்பாட்டு அறைக்குப் படியேறினார்கள். வயர்லெஸ் பெண் எழுந்து ஓடிவந்து, தன் துப்பட்டாவை எடுத்து மைத்துனனின் தலையில் போட்டாள். தண்ணிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, “பொழச்சிட்டோம் ஐயா” என்றார்.

இயக்குநர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “இதை ஏன் இங்க வந்து சொல்றீங்க?”

“வேற எங்கங்க சொல்றது?”

“அலைவரிசையில சொல்லணும். ஆபத்து முடிஞ்சதுன்னு ஆபத்துல இருந்த படகுதான் அறிவிக்கணும். அதுவும் அந்தப் படகோட செட்டுலேர்ந்து. அப்பத்தான் நான் அமைதியை நீக்க முடியும். நீங்க ‘அவுட்’ கூடச் சொல்லல. நம்ம பேச்சு இன்னும் நடந்துட்டிருக்கு. நான் உங்களைக் காத்திருக்கச் சொன்னேன், ஞாபகம் இருக்கா?”

“செட்டு கடலுக்கு அடியில இருக்குங்களே.”

“அது உங்க பராமரிப்புக் குறைபாடு.”

அமைதி நீடித்தது.

முதல் நாள் கப்பல்காரர்கள் இது ஏதோ பெரிய விபத்து என்று நினைத்து மரியாதையாகச் சும்மா இருந்தார்கள். மறுநாள் கொடிகளை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். கொடி பார்க்கத் தெரிந்தவர் கரையில் ஒருவரும் இல்லை. அப்புறம் ஒவ்வொரு கப்பலிலிருந்தும் குரல்வளம் உள்ள ஆளை ஒரு சின்னப் படகில் இறக்கி, கரைக்கு அருகில் வந்து கத்தச் சொன்னார்கள். “கரி வேணுமா, கறி வேணுமா?” என்று படகு கட்டும் ஜெட்டியிலிருந்து திருப்பிக் கத்தினார்கள். எதைக் கேட்டார்களோ தெரியாது, ஒரு பயணிகள் கப்பலுக்கு ஒரு படகு நிறைய நிலக்கரி போய் இறங்கியது. உள்ளே வர வேண்டிய கப்பல்கள் வெளியே ‘செங்கதி’ருக்குத் துணையாகச் சேர்ந்துகொண்டே போயின. வெளியே போக வேண்டியவை உள்ளே முட்டிக்கொண்டு நின்றன. லாண்டரிக்கு ஒரு சட்டையும் வரவில்லை.

இயக்குநர் மட்டும் அந்த நாட்களில் மலர்ந்த முகத்தோடு இருந்தார். ஊழியர்களைக் கூட்டிப் பேசினார்.

“இந்த இயக்ககம் தொடங்கின நாள்லேர்ந்து நான் கண்ட கனவு இது. அலைவரிசையில ஒரு கொச்சை கிடையாது, ஒரு குறுக்கீடு கிடையாது, ஒரு இலக்கணப் பிழை கிடையாது. கேட்டுப் பாருங்க!” என்று செட்டின் ஒலியைக் கூட்டினார். உஸ்ஸென்று இரைச்சல் மட்டும் வந்தது. அவர் கண்ணை மூடி ரசித்தார். “எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. கப்பல்கள் பேசாம இருந்தா இந்தத் துறைமுகத்தை எவ்வளவு நல்லா நடத்தலாம்!”

இந்தச் சாதனைக்காக அவருக்கு ஒரு கேடயம் தர தலைமையகம் முடிவெடுத்திருப்பதாகத் தபாலில் செய்தியும் வந்தது.

தண்ணிக்காரர் வேறொரு பழைய படகைப் பேசி வைத்துக்கொண்டு, அதை ஓட்ட உரிமம் கேட்கப் போனார். கொடுக்க முடியாது என்றார்கள். ஒரு ஆளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு படகு ஓட்ட அனுமதி இல்லை. கணக்குப்படி அவர் இன்னும் முதல் படகில், விளக்குக் கூண்டுக்குக் கிழக்கே, மூழ்கிக்கொண்டிருக்கிறார். நிகழ்காலம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “நான் செத்திருந்தாக்கூட உனக்கு ஒரு வழி பொறந்திருக்கும்” என்றார்.

மறுநாள் காலையில் மனைவி நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு நாலு மாடி ஏறினாள்.

“எங்க வீட்டுக்காரர் ஆபத்துல இருக்காரா, இல்லையா?” என்று கேட்டாள்.

“முறைப்படி பார்த்தா இருக்கார்மா” என்றார் இயக்குநர்.

“எத்தனை நாளா?”

“அமைதி அமலுக்கு வந்த நாள்லேர்ந்து.”

“அப்ப காப்பாத்துங்க.”

இயக்குநர் விதிப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் விடவில்லை. “ஒரு மனுஷன் கடல்ல மூழ்கிட்டிருக்கான்னு உங்களுக்கே தெரியும். தெரிஞ்சும் விசிறிக்குக் கீழ உக்காந்திருக்கீங்க. எந்த விதியில இருக்கு இது? எனக்குக் காட்டுங்க.”

அவர் விதிகளைப் புரட்டினார். அவள் சொன்னது சரி. ஆபத்தில் உள்ளவரைத் தேடாமல் இருக்க எந்த விதியும் இல்லை.

மறுநாளிலிருந்து தேடுதல் தொடங்கியது. இயக்ககத்துக்கென்று லாஞ்ச் என்கிற வெள்ளை விசைப்படகு ஒன்று இருந்தது. மெத்தை இருக்கைகள், பித்தளைக் கைப்பிடி, புத்தம்புது செட். இயக்குநருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாததால் அது அதுவரை ஜெட்டியை விட்டு நகர்ந்ததில்லை. இப்போது தினம் காலையில் சீருடைக்காரர்கள் அதில் ஏறிக்கொண்டு தண்ணிக்காரரைத் தேடப் போனார்கள். மூழ்கிய இடம் அவர்களுக்குச் சரியாகத் தெரியாததால், வழிகாட்டுவதற்குத் தண்ணிக்காரரையே உடன் அழைத்துக்கொண்டார்கள். அவர் முன்னால் நின்று, “இன்னும் கொஞ்சம் கிழக்கால” என்பார். ஒருவர் தூரநோக்கியில் நாலாபக்கமும் பார்த்துவிட்டு, “காணவில்லை” என்பார். மற்றவர் எழுதிக்கொள்வார். ஒருநாள் தண்ணிக்காரர் தன்னை அறியாமல் தானும் நெற்றிமேல் கைவைத்துத் தண்ணீரில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து மனைவியிடம், “எனக்கே ஒரு நிமிஷம் பதறிப்போச்சு, இன்னும் ஆளைக் காணோமேன்னு” என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

இப்படியே எத்தனை காலம் போயிருக்குமோ, கேடயம் மட்டும் கப்பலில் வராமல் இருந்திருந்தால். தலைமை இயக்குநரே அதைத் தன் கையால் கொடுப்பதென்று புறப்பட்டு வந்துவிட்டார். அவர் வந்த கப்பல் அலைதடுப்புச் சுவருக்கு வெளியே வந்து நின்றது. உள்ளே வர வயர்லெஸ்ஸில் அனுமதி கேட்க வேண்டும். கேட்க முடியாது, அமைதி. இவர்களும் வாருங்கள் என்று சொல்ல முடியாது. கப்பலில் வந்தவருக்குக் கடல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இரண்டு நாள் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் குனிந்து நின்றதைக் கரையிலிருந்தே பார்க்க முடிந்தது.

இயக்குநரின் குரலில் முதல்முறையாகக் கீறல் விழுந்தது. “ஏதாவது வழி சொல்லுங்க” என்று தண்ணிக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தே கேட்டார்.

“நான் என்ன சொல்றதுங்க. படகு இருந்தா நான் அறிவிச்சிடுவேன். படகு இல்லையே.”

வயர்லெஸ் பெண் மெதுவாகச் சொன்னாள். “விதியில அந்தப் பேருள்ள படகு, அதோட செட்டுன்னுதான் இருக்கு, ஐயா. நம்ம லாஞ்சுக்கு ஒரு பேரும் இல்லை.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பெயின்டரைத் தேடி ஓடினார்கள்.

லாஞ்சின் வெள்ளைப் பக்கத்தில் பெயின்டர் கொட்டை எழுத்தில் ‘வந்துவிட்டேன்’ என்று எழுதினார். பெயர் மட்டும் போதாது, பதிவு எண்ணும் வேண்டும் என்று ஒருவர் நினைவுபடுத்த, அதையும் எழுதினார்கள். பெயரும் எண்ணும் இருந்தும் உரிமையாளர் வேறாக இருந்தால் அறிவிப்பு செல்லாதே என்று இன்னொருவர் சொல்ல, இயக்குநர் அவசர அவசரமாக லாஞ்சைத் தண்ணிக்காரர் பெயருக்கு மாற்றி ஒரு கையெழுத்துப் போட்டார். அவர் கண் முழுக்க வெளியே நின்ற கப்பல்மேல்தான் இருந்தது. தண்ணிக்காரர் மெத்தை இருக்கையில் நுனியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். மைத்துனன் எஞ்சினை ஓட்டினான். இயக்குநரும் கூடவே ஏறிக்கொண்டார். விளக்குக் கூண்டுக்குக் கிழக்கே போகிற வரைக்கும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“கட்டுப்பாட்டு அறை, கட்டுப்பாட்டு அறை, கட்டுப்பாட்டு அறை” என்றார் தண்ணிக்காரர். “இங்கே வந்துவிட்டேன், வந்துவிட்டேன், வந்துவிட்டேன். இருவரும் நலம். பேரிடர் முடிந்தது. ஓவர்.”

“வந்துவிட்டேன், இங்கே கட்டுப்பாட்டு அறை” என்றாள் வயர்லெஸ் பெண். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “உங்களைக் கண்டதில் மகிழ்ச்சி. அனைவருக்கும்: பேரிடர் அமைதி முடிவுக்கு வந்தது. அவுட்.”

அடுத்த நொடி சேனல் பதினாறு வெடித்தது. அத்தனை கப்பலும் அத்தனை நாள் அடக்கிவைத்ததையும் ஒரே மூச்சில் கொட்டின. “நிலக்கரியை யாருய்யா கேட்டது?” என்று யாரோ அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கரைக்கு வந்ததும் தண்ணிக்காரர் லாஞ்சைக் குழாய் இருக்கும் ஜெட்டியில் கொண்டுபோய்க் கட்டினார். இயக்குநர் தட்டுத் தடுமாறி இறங்கினார். “நல்லது. லாஞ்சை எங்க இடத்துல விட்டுட்டு நீங்க வீட்டுக்குப் போகலாம்” என்றார்.

ஜெட்டியில் காத்திருந்த மனைவி முன்னால் வந்தாள். “எந்த லாஞ்சு?”

“இதோ, இதுதான்.”

“இது எங்க படகு. பேரைப் பாருங்க.”

“அம்மா, அது ஒரு ஏற்பாட்டுக்காக எழுதினது. உங்க படகு கடலுக்கு அடியில இருக்கு.”

“அப்ப இப்ப அறிவிச்சது எங்க படகு இல்லையா?”

“இல்ல...”

“இல்லைன்னா அறிவிப்பு செல்லாது. அமைதி முடியல.” அவள் கையை நீட்டினாள். தலைமை இயக்குநரின் கப்பல் அலைதடுப்புச் சுவரின் வாயில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வந்துகொண்டிருந்தது. “அதை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்க.”

இயக்குநர் கப்பலைப் பார்த்தார். லாஞ்சைப் பார்த்தார். அவர் உதடுகள் மூன்று முறை ‘பேரிடர்’ என்று அசைந்தன.

கேடய விழா சிறப்பாக நடந்தது. தண்ணிக்காரர் மெத்தை இருக்கைகளைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் டேங்க்கை ஏற்றினார். மைத்துனன் பித்தளைக் கைப்பிடியை மட்டும் கழற்ற விடவில்லை, தினம் துடைத்தான்.

இயக்ககத்துக்கு ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. லாஞ்ச் எங்கே என்று தணிக்கைக்காரர்கள் கேட்டார்கள். தொலைந்தது என்று எழுத முடியாது. கொடுத்துவிட்டோம் என்றும் எழுத முடியாது. ஆகவே, மூழ்கிய தண்ணீர்ப் படகைத் தேடும் பணியில் லாஞ்ச் தொடர்ந்து ஈடுபட்டிருப்பதாக எழுதினார்கள். தேடும் பணிக்கென்று மாதாமாதம் டீசல் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியதைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் அதற்கும் கேள்வி வரும் என்பதால், டீசல் பீப்பாய்கள் குழாய் ஜெட்டிக்கே வந்து இறங்கின.

ஒருநாள் பீப்பாய்களோடு இயக்குநரே வந்தார். முன்பு இருந்த மிடுக்கு குறைந்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, பேச்சுத் தமிழிலேயே கேட்டார். “தேடுதல் எப்படிப் போகுது?”

தண்ணிக்காரர் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். “தேடிட்டேதாங்க இருக்கோம்.”

“கிடைச்சிடுமா?”

“கிடைச்சிட்டா, அப்புறம் நாம ரெண்டு பேரும் வேலைக்கு எங்க போறதுங்க?”

இயக்குநர் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. ஒரே தடவையில் அவருக்குப் புரிந்துவிட்டது.